ஹில் கிங்கும் ரோயல் டைகரும் கேட்ட குளியல் தொட்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாராவது போனில் எதையாவது ஏலம் போட்டு விற்கப் போனால் முதலில் என்னிடம்தான் யோசனை கேட்க வருகிறார்கள். நான் அதில் கெட்டிக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே ஒரு விற்பனையில் செய்யக்கூடிய எல்லாத் தவறுகளையும் செய்து முடித்தவள் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்திதான். வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி "தொட்டி மல்லிகா வீடு எங்க?" என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே வழி காட்டுவார்கள். (அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.)

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் கவலைப்படுவதில் மட்டும் மேல்படிப்பு வரைக்கும் போயிருக்கிறேன். மழை பெய்தால் மண்சரிவை நினைப்பேன். பெய்யாவிட்டால் ஏன் இன்னும் பெய்யவில்லை என்று நினைப்பேன். போன் அடித்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்று பயம், அடிக்காவிட்டால் போனுக்கு என்ன ஆச்சோ என்று பயம். இப்படிப்பட்டவள் முன்பின் தெரியாதவர்களிடம் ஏலத்தில் பொருள் விற்க இறங்கியதற்கு ஒரே காரணம் ஓவர்லொக் மெஷின்.

வீட்டிலேயே பள்ளிக்கூடச் சீருடை தைப்பது என் தொழில். தைத்த துணிக்கு ஓரம் அடிக்க என்னிடம் மெஷின் இல்லை. வெள்ளைச் சட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டு தலவாக்கலைக்கு பஸ் ஏறி, ரோஸ்மேரி அக்காவின் தையல் கடையில் ஓரம் அடித்து, மூட்டையில் சேறு படாமல் திரும்பி வர வேண்டும். அந்த ரோஸ்மேரி அக்கா, கடையை மூடிவிட்டு மகளோடு கொழும்பில் இருக்கப் போவதாகச் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"மெஷின நீயே எடுத்துக்க மல்லிகா. மாசக் கடைசி வரைக்கும் வேற யாருக்கும் குடுக்க மாட்டேன். அதுக்குப் பொறகு என்னைய கொற சொல்லக் கூடாது" என்றார் அவர்.

மாதக் கடைசிக்குள் அது என் வீட்டுக்கு வராவிட்டால், வருகிற ஜனவரிக்கான சீருடை எல்லாம் ஓரம் அடிக்கத் தெரிந்த வேறு யார் கைக்காவது போய்விடும். எங்கள் வீட்டில் விற்கக்கூடியதாக இருந்தது ஒரு மாடும் அந்த மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியும் மட்டும்தான்.

அது சாதாரணத் தொட்டி இல்லை. பெரிய பங்களாவில் குளியலறையைப் புதுப்பித்தபோது வெளியே தூக்கிப் போட்ட வெள்ளைக்காரன் காலத்து இரும்புத் தொட்டி. உள்ளே வெள்ளைப் பூச்சு, வெளியே துரு, அடியில் சிங்கத்தின் பாதம் மாதிரிக் கால்கள். என் மாமனார் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் கேட்டு வாங்கி, ஆள் வைத்துத் தூக்கி வந்து நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் போட்டார். வரும் வழியில் ஒரு சிங்கப் பாதம் கழன்று பள்ளத்தில் உருண்டுவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு செங்கல்தான் முட்டு. மாமனார் இல்லை. தொட்டி இருந்தது. துரைமார் குளித்த தொட்டியில் எங்கள் மாடு கௌரவமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

இந்த மாதிரித் தொட்டிக்கு நுவரெலியா பக்கம் விடுதி நடத்துகிறவர்கள் நல்ல விலை கொடுக்கிறார்கள் என்பதை என் கணவர் ராஜேந்திரன்தான் போனில் பார்த்துச் சொன்னார். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கும் பகுதியில் வேலை செய்கிறார். எதற்கும் பதறாத மனிதர். எனக்கும் சேர்த்து அவர் பதறாமல் இருக்கிறாரா, அவருக்கும் சேர்த்து நான் பதறுகிறேனா என்பது இன்னும் தெரியவில்லை.

"ஏலத்துல போட்டுப் பாப்போமே. வித்தா மெஷின், விக்காட்டி மாட்டுக்குத் தொட்டி. நமக்கு என்னா நட்டம்?" என்றார்.

"போலீஸ் வந்தா?"

"என்னாத்துக்கு வாரான் போலீஸ்?"

"ஏதுடா லயத்துல இருக்கிறவங்களுக்கு பங்களாத் தொட்டின்னு கேட்டா?"

"அப்பா கேட்டு வாங்கினாருன்னு சொல்லு. அம்புட்டுதான்."

புதிதாக விற்க வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை படத்தைப் பற்றியது. பொருளை மட்டும் எடுங்கள். நான் எடுத்த படத்தில் தொட்டியோடு மாட்டின் தலையும் வந்துவிட்டது. அது காதை விடைத்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பது போலவே நின்றது. பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறதே என்று அப்படியே போட்டேன். முதல் நாள் வந்த கேள்விகள் எல்லாம் "மாடு எத்தனை லீட்டர் கறக்கும்?" என்பதுதான்.

இரண்டாவது, விவரம். குறையை மறைக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அதற்கும் ஒரு அளவு இருக்கிறது. நான் எழுதியது இது: "பழைய இரும்புக் குளியல் தொட்டி. ஓட்டை இல்லை. ஒரு கால் இல்லை, செங்கல் இலவசமாகத் தரப்படும். இதில் மாடு தண்ணீர் குடித்தது உண்மை. ஆனால் சுத்தமான மாடு. தொட்டி எங்கள் மாமனார் கேட்டு வாங்கியது, திருடியது இல்லை. வேண்டுமானால் யாரிடமும் விசாரிக்கலாம்."

"திருடியது இல்லைன்னு நீயா எதுக்கு சொல்லுற? இப்பதானே சந்தேகமே வரும்" என்றார் கணவர். அந்த வரியை எடுத்துவிட்டுப் பார்த்தேன், மறைப்பது போல இருந்தது. மறுபடியும் போட்டுவிட்டேன்.

இவ்வளவு செய்தும் ஆண்டவன் கைவிடவில்லை. நிமல் என்று ஒருவர் கேட்க ஆரம்பித்தார். நுவரெலியாவில் சின்னதாக ஒரு விடுதி கட்டிக்கொண்டிருந்த சிங்களக்காரர். விவரத்துக்குக் கீழே இருந்த நம்பருக்குப் போன் போட்டு, "அக்கே, தொட்டி இருக்குதானே? ஓட்டை இல்லதானே?" என்று அன்பாகக் கேட்டார். அவருக்கும் வேறு சிலருக்கும் இடையில் விலை மெல்ல மெல்ல ஏறியது. சனிக்கிழமை மெஷின் விலையில் பாதியைத் தாண்டியது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஏலம் முடிகிறது.

அந்தச் சனிக்கிழமைதான் நான் அந்தப் பெரிய வேலையைச் செய்தேன். விலை பாதியிலேயே நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் ஏலத்தின் லிங்கைப் போட்டேன். லிங்கை மட்டும் போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். மேலே ஏதாவது எழுத வேண்டுமே என்று யோசித்தபோது, ஏலம் என்றதும் எனக்கு நினைவுக்கு வந்த ஒரே எழுத்து எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ்தான். ஆகவே எழுதினேன்:

"எங்கள் குளியல் தொட்டி ஏலம் நாளை மாலை ஆறு மணிக்கு நிறைவுறும். அனைவரும் தவறாமல் கலந்துகொண்டு ஆதரவு வழங்கிச் சிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

எங்கள் கோயில் ஏலத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திருவிழாவின் கடைசி நாளில் அம்மன் சேலை, கும்பத்துத் தேங்காய், சூலத்தில் குத்திய எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் மைக்கில் ஏலம் விடுவார்கள். அங்கே யாரும் பொருளின் பெறுமதியைப் பார்த்துக் கேட்பதில்லை. நம்மவர்கள் கொடுத்த பொருள் குறைந்த விலைக்குப் போனால் அது நமக்கு அவமானம். அதனால் கடைசி வரை கேட்பார்கள். எடுத்தவர் அடுத்த திருவிழாவுக்குள் சல்லி கட்டினால் போதும், கோயில் காத்திருக்கும். என் சொந்த அண்ணன் சிவலிங்கமும், என் கணவரின் மூத்த அண்ணன் கருப்பையா மச்சானும் வருடா வருடம் ஒரே எலுமிச்சம்பழத்துக்கு மோதுவார்கள். அந்த விலைக்கு ஒரு எலுமிச்சைத் தோட்டமே வாங்கலாம்.

இதெல்லாம் தெரிந்த நான்தான் அந்த நோட்டீஸை எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரைக்குப் பிள்ளைக்காம்பராப் படிக்குப் போனேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. எங்கள் டிவிசனில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அந்தப் படியில் மட்டும்தான். ஞாயிறு என்பதால் பிள்ளைகள் இல்லை. அண்ணன் ஏற்கெனவே மேல்படியில் உட்கார்ந்து போனை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழ்ப்படியில் கருப்பையா மச்சான், துவாயைத் தலையில் போர்த்திக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி. சிக்னலுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஐந்தே முக்காலுக்கு நிமல் மெஷினுக்குத் தேவையான விலையைத் தொட்டார். மனதுக்குள் மெஷினை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டேன். உடனே ஹில் கிங் என்ற பெயரில் ஒருவர் அதற்கு மேலே கேட்டார். அவரை முந்திக்கொண்டு ரோயல் டைகர் என்று இன்னொருவர். நிமல் இன்னும் ஒரு முறை கேட்டுப் பார்த்தார். பிறகு அவரைக் காணோம்.

"அண்ணே! யாரோ ரெண்டு பேரு பைத்தியம் புடிச்ச மாதிரி ஏத்திக்கிட்டே போறானுங்க" என்றேன்.

அண்ணனுக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. "பைத்தியம்னு சொல்லாத மல்லி. மனசுள்ளவனா இருப்பான்."

கீழ்ப்படியிலிருந்து துவாய்க்குள் இருந்து ஒரு குரல்: "ஒருத்தன்தான் மனசுள்ளவன். மத்தவன் வீம்புக்கு கேக்குறான்."

"யாரு வீம்புக்குக் கேக்குறது?" என்று அண்ணன் எழுந்து நின்றார்.

"நான் பொதுவா சொன்னேன் மாப்ள."

(இதைப் படிக்கும் உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. நான் ஹில் கிங்கை நரைத்த மீசையுள்ள ஹோட்டல் முதலாளியாகவும், ரோயல் டைகரைக் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு டாக்டராகவும் மனதில் வைத்திருந்தேன். ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி கொடுக்க வீட்டில் நல்ல கோப்பை இல்லையே என்று அதற்கும் ஒரு கவலை.)

கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் ஏலம் இன்னும் ஐந்து நிமிடம் தள்ளிப்போகும். அந்தத் தளத்தின் விதி அப்படி. ஐந்து ஐந்து நிமிடமாகத் தள்ளிப்போய், பனிமூட்டம் இறங்கி, தூறல் ஆரம்பித்து, எனக்கு முன்னால் இரண்டு போன் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. மெஷினைப் போல இரண்டு மடங்கு விலையில் ஹில் கிங் ஜெயித்தார். துவாய்க்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு. அண்ணன் சட்டைக் கொலரை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நான் பணிவாக ஹில் கிங்குக்கு எழுதினேன். "ஐயா வணக்கம். தொட்டியை எப்போது எடுக்க வருவீர்கள்? லொறி மேல் ரோட்டு வரைக்கும்தான் வரும்."

அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பதில் போனில் வரவில்லை. நாலு வீடு தள்ளி, கதவைத் திறந்து, சத்தமாகவே வந்தது.

"ஏன் மல்லி, என்னையப் போயி ஐயாங்கிற?"

"அண்ணே, ஒங்களுக்கு எதுக்குண்ணே தொட்டி? ஒங்ககிட்ட மாடே இல்லையே!"

"தொட்டி எனக்கு எதுக்கு? ஒங்கிட்டயே இருக்கட்டும். தங்கச்சி பொருள எவனோ கொறஞ்ச வெலைக்குத் தூக்கிட்டுப் போக அண்ணன் பாத்துக்கிட்டு இருப்பானா?"

"அப்ப சல்லி?"

"அடுத்த திருவிழாவுக்குள்ள கட்டிர்றேன்" என்றார், கோயிலுக்குச் சொல்லும் அதே குரலில்.

அதற்குள் கருப்பையா மச்சானும் வந்துவிட்டார். "எங்கப்பா கொண்டாந்த தொட்டி. அத வெளியாளு எடுக்கலாமா மல்லிகா? நான் இன்னும் கேட்டிருப்பேன். டேட்டா முடிஞ்சிருச்சு."

என் கணவர் மட்டும் வாசலில் நின்று, தொட்டியையும் இரண்டு அண்ணன்மாரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆக, நம்ம தொட்டிய நம்மளே நம்மகிட்ட இருந்து கடனுக்கு வாங்கியிருக்கோம்" என்றார்.

மறுநாள் ஏலத் தளத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. போனிலேயே தமிழாக்கிப் பார்த்தோம். விற்பவருக்கு வேண்டியவர்கள் விலை ஏற்றிவிட்டதாகச் சந்தேகம் என்றும், விற்பனை ரத்து என்றும், என் கணக்கை நிறுத்தி வைத்திருப்பதாகவும் இருந்தது. நான் உள்ளே போய் ஒரு பையில் போர்வை, ஸ்வெட்டர், தலைவலித் தைலம், மாற்றுச் சேலை எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன்.

"எங்க போற?" என்றார் கணவர்.

"அவங்க வந்து கூப்புடும்போது தேடிக்கிட்டு இருக்கக் கூடாதில்ல."

"ஸ்வெட்டரு ஒன்னு போதுமா? ஜெயிலு குளுருமே" என்று கேட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். நான் இன்னொரு ஸ்வெட்டரையும் எடுத்து வைத்தேன்.

ஆனால் ஜெயிலைவிட எனக்கு மெஷின்தான் பெரிய கவலை. மாதம் முடிய அந்த வாரம்தான் இருந்தது. நாள் முழுக்க வாய்க்குள்ளேயே பேசிப் பழகிவிட்டு, பிள்ளைக்காம்பராப் படியில் நின்று நிமலுக்குப் போன் போட்டேன். பழகியது எல்லாம் மறந்துபோய், அண்ணன், மச்சான், எலுமிச்சம்பழம், திருவிழா என்று எல்லாவற்றையும் கலந்து கொட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "அக்கே, நான் கேட்டது நல்ல விலைதானே? நீங்க ஆள் வச்சு ஏத்துறதுன்னு நினைச்சேன்."

"ஆளு வைக்கலைங்க. ஆளுங்க தானா வந்துட்டாங்க."

அந்தப் பக்கம் இருமல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. "சரி, புதன்கிழமை லொறி எடுத்துட்டு வாறேன். தொட்டி நல்லம்னா அதே விலை. ஆனா அக்கே, உங்க அண்ணா வேணாம்."

அண்ணனை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? புதன்கிழமை அண்ணனும் வந்தார், மச்சானும் வந்தார், பாதி லயமும் வந்தது. நிமல் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். சிங்கப் பாதங்களைத் தடவிப் பார்த்தார். நீளம் போதுமா என்று காலில் போட்ட சப்பாத்தோடு உள்ளே ஏறிப் படுத்தும் பார்த்தார். யாரோ தன் தண்ணீர்த் தொட்டியில் படுத்திருப்பதைக் கண்ட எங்கள் மாடு, வந்து அவர் நெற்றியை ஒரு நக்கு நக்கியது. அவர் அதற்கும் சிரித்தார். நல்ல மனிதர்.

படுத்தபடியே, ஏலத்தில் ஐந்தே முக்காலுக்குக் கேட்ட அதே விலையைச் சொன்னார். மெஷினுக்குச் சரியாக இருக்கும். நான் "சரிங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"அதுக்கு மேல ஐநூறு!" என்றது ஒரு குரல். கருப்பையா மச்சான்.

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஒருவர் விலை சொல்லிக் கேட்டால் அவர் வாய் தானாகத் திறந்துவிடும்.

"ஆயிரம்!" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டார்.

நிமல் தொட்டிக்குள் எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஒரு காலை வெளியே வைத்து லொறிப் பக்கம் பார்த்தார். என் கண்ணுக்கு அந்தக் கால் தெரியவில்லை. ரோஸ்மேரி அக்காவின் மெஷின் கொழும்பு பஸ்ஸில் ஏறுவதுதான் தெரிந்தது.

எனக்கு என்ன வந்தது என்று இன்று வரைக்கும் தெரியாது. பிறந்ததிலிருந்து நாலு பேருக்கு முன்னால் குரல் உயர்த்திப் பேசாதவள் நான். பக்கத்தில் கிடந்த மாட்டுத் தண்ணீர் வாளியை எடுத்துத் தொட்டியின் விளிம்பில் ஓங்கி அடித்தேன். கோயில் மணி மாதிரிச் சத்தம்.

"ஒருதரம்ரெண்டுதரம்மூணுதரம்!" மூச்சு விடாமல் ஒரே கத்து. "தொட்டி இவருக்கு! ஏலம் முடிஞ்சிருச்சு!"

மாடு ஓடிவிட்டது. நிமல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தொட்டிக்குள்ளேயே மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். கோயில் ஏலத்தில் மூணு தரம் சொன்ன பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. அண்ணனும் மச்சானும் நல்ல பக்தர்கள். திறக்கவில்லை.

"மேல் ரோட்டுக்கு யாரு தூக்குறது?" என்று மெதுவாகக் கேட்டார் என் கணவர்.

"கூட்டிக் கேட்டவங்கதான்" என்றேன். கத்திய வேகம் இன்னும் மிச்சம் இருந்தது.

இப்படியாக, ஹில் கிங் தலைப் பக்கமும் ரோயல் டைகர் கால் பக்கமும் பிடிக்க, இன்னும் சிலர் கைகொடுக்க, அந்த இரும்புத் தொட்டி படி படியாக மேல் ரோட்டுக்கு ஏறியது. "மெதுவா மாப்ள", "நீ தள்ளாத மச்சான்" என்று கடைசி வரைக்கும் சண்டை. (பொருளின் பாரத்தையும் தூக்க வேண்டிய தூரத்தையும் விவரத்தில் எழுதுங்கள் என்று புதியவர்களுக்கு நான் சொல்வது இதனால்தான்.) செங்கல்லை இலவசமாகத் தருவதாக எழுதியிருந்தேனே என்று பின்னாலேயே ஓடிப்போய் அதையும் லொறியில் வைத்தேன். வெள்ளிக்கிழமை மெஷின் வீட்டுக்கு வந்தது. இன்றைக்கும் ஜன்னல் ஓரத்தில்தான் இருக்கிறது. மாட்டுக்குச் சிமெந்தில் தொட்டி கட்டினோம். ஒரு வாரம் அதில் வாய் வைக்க மாட்டேன் என்று நின்றது. துரைமார் தொட்டியில் குடித்த மாடு அல்லவா.

அடுத்த திருவிழா ஏலத்தில், எலுமிச்சம்பழத்துக்கு அண்ணனும் மச்சானும் வழக்கம்போல எழுந்தபோது, மைக்கில் இருந்தவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "மல்லிகாக்கா வாளியத் தூக்குறதுக்குள்ள சட்டுன்னு கேட்டு முடிங்கப்பா" என்றார். கோயிலே சிரித்தது. அம்மன்கூடச் சிரித்திருப்பாள் என்று என் கணவர் சொல்கிறார்.

அவர்தான் இந்தக் கதையை அணையவிடாமல் வைத்திருப்பவர். நான் இப்போதும் கவலைப்படுகிறேன். மெஷின் ஊசி உடைந்தால் என்ன செய்வது, ஜனவரிக்குள் தைத்து முடியாவிட்டால் என்ன சொல்வது என்று ஆரம்பித்தால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மனிதர் கரண்டியை எடுத்துத் தட்டில் தட்டுவார். "ஒரு தரம்..." என்பார். நான் நிறுத்த மாட்டேன். "ரெண்டு தரம்..." என்பார்.

"இன்னும் ஒரு அஞ்சு நிமிசம் கூட்டிக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு, மிச்சத்தையும் கவலைப்பட்டு முடிப்பேன்.